இரண்டு சிரட்டைகள்

1943 மார்ச் 8, திங்கள்

நல்ல வெயில். கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. காலி சோடா பாட்டில் முப்பது கழுவிக் கவிழ்த்தேன், தேங்காய் எண்ணெய் ஊற்றி வைக்க. பின்கட்டில் இவருடைய சோடாப் பட்டறை சும்மா கிடக்கிறது. சீனி இல்லை, சோடாவில் அடைக்கக் காஸ் இல்லை.

குளியலறைச் சாக்கடையில் இன்றும் எறும்பு இல்லை. பத்து மாதமாக இல்லை.

இதை வெளியில் சொல்ல முடியாது. மலாயா முழுக்க, இந்த அலோர் ஸ்டார் முழுக்கச் சீனிக்கு அலைகிறது. நான் ஒருத்தி சீனி கிடைக்காததற்காகச் சாமி கும்பிடுகிறேன். ஜப்பான் சண்டைக்கு முன்னால் இவர் நாளுக்குப் பத்துக் கலர் சோடா குடிப்பார். கேட்டால், ருசி பார்க்கிறாராம். தாகம் என்பார், களைப்பு என்பார், நானே இன்னொன்று உடைத்துக் கொடுப்பேன். காலேஜ் படித்தவள்! கொடுக்கக் கொடுக்கத் தாகம் ஏறியதே தவிர அடங்கவில்லை. இடது கட்டைவிரலில் புண், மாதக்கணக்கில் ஆறாமல். ஜித்ரா பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயா மூத்திரத்தை நீல மருந்தில் காய்ச்சிக் காட்டினார். செங்கல் நிறம்.

"சர்க்கரை வியாதிம்மா. கலரை விடலேன்னா விரலோட போகாது. காலையே எடுக்கணும்."

விட்டாரா? ஜப்பான்காரன் வந்து, கடையில் சீனி ஒழிந்த பிறகுதான் விட்டார். புண் தானாகக் காய்ந்தது, மூத்திரத்துக்குச் சாக்கடையில் மொய்த்த எறும்பும் போனது. நன்றி யாருக்குச் சொல்வது என்றே தெரியவில்லை.

நாளை: மரவள்ளி மாவு சலிக்க. குழந்தை மீனா கவுனுக்குப் பொத்தான்.

மார்ச் 10, புதன்

ஜப்பான்காரன் வைத்த டோக்கியோ மணி எட்டு. இன்னும் விடியவில்லை. விளக்கோடு போனால், சாக்கடை ஓரம் எறும்பு. சிவப்பு, பொடி எறும்பு, ஒரே கோடாக.

இவரா? வீட்டில் ஒரு கரண்டி சீனி கிடையாதே. அந்தச் சாக்கடையில்தான் மீனாவும் போகிறாள். நேற்று மட்டும் ஆறு தடவை தண்ணீர் கேட்டாள். வெயில்தான். வெயிலாகத்தான் இருக்கும். மூன்று வயது. கைக்குழந்தையாக இருக்கும்போது அழுகையை நிறுத்த ஆரஞ்சுக் கலரில் விரல் நனைத்து வாயில் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை!

நாளை: டிரஸ்ஸர் ஐயாவிடம்.

மார்ச் 11, வியாழன்

டிரஸ்ஸர் ஐயாவிடம் ஓடினேன். மருந்தில்லாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியதிலிருந்து நம் தெருவில்தான் இருக்கிறார்.

"நீல மருந்தா? அதக் கண்ணால பாத்து ஒரு வருசமாச்சு. அழாதீங்கம்மா. வீட்டுல தேங்காச் சிரட்டை இருக்குல்ல?"

"இருக்கு ஐயா."

"ரெண்டு எடுங்க. ஒண்ணுல புள்ளையோட மூத்திரம், ஒண்ணுல அவரோடது. தள்ளித் தள்ளி வைங்க. எறும்பு பொய் சொல்லாது லா."

மீனாவுக்கு ஒரே கொண்டாட்டம். இவரிடம், கீரைப் பாத்திக்கு உரம் என்று சொல்லிச் சிரட்டையை நீட்டினேன்.

"உரமா? என்னை மாடுன்னு நெனச்சியா கமலா?"

"மாடு சொன்ன பேச்சு கேக்குங்க."

வாழையடியில் மீனாவுடையது. முருங்கையடியில் இவருடையது.

மார்ச் 12, வெள்ளி

வாழையடிச் சிரட்டையில் ஒன்றுமில்லை. மூன்று முறை குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தெய்வமே, தெய்வமே.

முருங்கையடிச் சிரட்டையில் விளிம்பே தெரியாமல் எறும்பு. அதைப் பார்த்தும் முதலில் வந்தது நிம்மதிதான். எழுதவே கூசுகிறது.

பட்டறைக்குள் போய்த் தேடினேன். காலிப் பெட்டிகளுக்குப் பின்னால், சாக்குக்குள், ரோஸ் பாகு. எட்டுப் புட்டி. இரண்டு காலி, ஒன்று பாதி. இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சண்டை முடிஞ்சதும் மொத கலர் இதுல போடலாம்னு எடுத்து வச்சது. கெட்டுப்போச்சான்னு ருசி பாத்தேன்."

"ரெண்டரைப் புட்டியா?"

கை பிடித்து முருங்கையடிக்குக் கூட்டிப்போனேன். எறும்பைப் பார்த்தார். பிறகு தன் இடது காலைப் பார்த்தார். கட்டைவிரல் ஓரத்தில் மிளகளவு சிவப்பு. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"மருந்து இல்லாத ஊருல என்னையும் மீனாவையும் வச்சுக்கிட்டு நீங்க ருசி பாக்குறீங்க" என்றேன். கத்தவில்லை.

"ஆரம்பிச்சா நிறுத்த முடியல கமலா" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ருசி என்று சொல்லவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

மிச்சப் பாகைக் கொட்டிவிடத்தான் நினைத்தேன். இவருக்கு மனசு வரவில்லை, சோடாக்காரர். யான் ஊரிலிருந்து அரிசி கொண்டுவரும் மலாய்க்காரர் பா மாட் வந்தார். அறுப்பு முடிந்து, மகளுக்குக் கல்யாணமாம். விருந்துக்குச் சிவப்புச் சர்பத் இல்லாமல் எப்படி என்று அலைகிறார். இவரே உள்ளே போய்ச் சாக்கைத் தூக்கிவந்து சைக்கிளில் கட்டிவிட்டார். பாதிப் புட்டியையும் சேர்த்து. கட்டி முடித்த பிறகும் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரமானது.

பா மாட் சைக்கிளிலிருந்து இறங்கிய மூட்டை: புது அரிசி. கூடவே கருவாடு. நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விரலை உப்புநீரில் கழுவி, துணி வைத்துக் கட்டினேன்.

மார்ச் 19, வெள்ளி

தூறல். பொத்தான் தைத்தாயிற்று. தாகம் என்றார், சீரகத் தண்ணீர் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக் குடித்தார். விரலில் சிவப்பு மங்கியிருக்கிறது.

சிரட்டை பார்க்கும் வேலை இப்போது மீனாவுடையது. முந்தாநாள் ஏழு எறும்பு. நேற்று நாலு. இன்று முருங்கையடியில் குந்தி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கூவினாள்:

"அப்பா, ஒண்ணே ஒண்ணு!"

"அது வழி தெரியாம வந்தது லா" என்கிறார் இவர்.

நம்புகிறேன்.