மினேகாவாவின் பதினொரு வசனங்கள்

2024 செப்டம்பர் 9, திங்கள்

உடுப்புத் தோய்க்கிற அறையில் மூன்று மெசின் பழுதாய்க் கிடக்க, நாலாவதுக்கு முன்னால் மினேகாவா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு நேர் எதிர்க்கதவு ஜப்பான்காரர். ஆறு வருசப் பழக்கம். தனியச் சிரிக்கிற மனிசன் இல்லை.

"மரியா சான், வேலை கிடைச்சிருக்கு."

மரியரட்ணம் என்ற என் பெயரை அவர் வெட்டிக்கொண்டது அப்படி; சான் என்றது அவர்களுடைய மரியாதைச் சொல். கீழ்மாடி யேசுரட்ணம் இதைக் கேட்ட நாள்முதல் என்னை "மாதாவே" என்றுதான் கூப்பிடுகிறான்.

ரிவி நாடகமாம். பக்கத்து ஊர் பிக்கரிங்கில் படம் பிடிக்கிறார்களாம். அப்பா வேசம். பெயர் உள்ள அப்பா. பதினொரு வசனம், அதுவும் ஜப்பான் பாசையில்.

"சாகிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"கடைசிமட்டும் சாகிறேல்லை" என்று விரலை ஆட்டினார்.

எங்கள் இரண்டு பேருடைய இங்கிலீசும் ஒரே அளவுக்கு உடைந்தது. அதனால் பிசகில்லாமல் விளங்கும்.

செப்டம்பர் 12, வியாழன்

அல்பத்தைக் காட்டினார். முன்பும் பார்த்ததுதான், ஆனால் இன்றைக்கு ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று சொன்னார்.

இருபது வயதில் கியோத்தோவில் வாள்ச்சண்டைப் படங்களுக்குப் போனவர். கதாநாயகன் வெட்ட விழுகிற வேலை. கதாநாயகனின் முகம்தான் தெரியவேண்டும், அதனால் இவருடைய முதுகுதான் படத்தில் விழும். இருநூறு தரத்துக்கு மேல் செத்திருக்கிறார். பிறகு ரிவியில் பொலிஸ் நாடகம், ஒன்பது வருசம், பெரியவருக்குப் பின்னால் பைல் பிடித்துக்கொண்டு நிற்கிற பொலிஸ். மனைவி போனபிறகு மகள் யூமியோடு இந்தப் பனி நாட்டுக்கு வந்தார். இங்கே சீனக் கடைக்காரன், கொரியன் டொக்டர், வியட்நாம் ஜெனரல், சண்டியன். ஜப்பான்காரனாக மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது எழுபத்தொன்பது வயதில்தான்.

"செத்துக் காட்டிறதில எது கஷ்டம்?"

"விழுந்த பிறகு. என்னை வெட்டினவன் நிண்டு கதைச்சு முடிக்குமட்டும் மூச்சு விடேலாது."

நான் ஒருதரம் சாகவே பயப்படுகிறவன்.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுத்து எனக்கு வராது. இதையும் போனில் வாயால் சொல்லுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. என் மகள் கிளடிஸ் செய்து தந்த ஏற்பாடு. வாசிக்கத் தெரியாததால் திருத்தவும் முடியாது, சொன்னது சொன்னபடி கிடக்கும்.

ஆனால் காது இருக்கிறது. எங்கள் ஊர் பாஷையூரில் கூத்தாடின காலத்தில் மற்றவர்களுக்குக் கொப்பி, எனக்குக் காது. மினேகாவா நாடகத்து மகனுடைய வசனத்தைச் சொல்லித் தந்து, என்னை மகனாக நிற்க வைத்துத் தன்னுடையதைச் சொல்லிப் பார்க்கிறார். நாலு நாளில் அவருடைய பதினொன்றும் எனக்குப் பாடம்.

முப்பது வருசம் வராத மகன் வாசலில் நிற்கிறான். தகப்பன் கதவைத் திறக்கிறார். "ஒகாஎரி. ஒசோகத்தா நே." வந்திட்டியா, பிந்திப்போச்சு என்ன, என்று அர்த்தமாம். அதுதான் முதலாவது.

ஏழாவது வசனத்தில் தடக்கினார். திரும்பவும் ஏழாவதிலேயே. மூன்றாம்தரம் நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் குசினியில் சட்டி கருகி மணந்தது. சோறு போட்டதையே மறந்துபோனார்.

அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். "யூமிக்குச் சொல்லவேண்டாம்."

சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து வர லிப்டுக்குள் யூமி. "அங்கிள், அப்பா மறக்கிறாரா? மறக்கிறார் எண்டால் நான் இந்த வேலைக்கு விடமாட்டன்." "இல்லைப் பிள்ளை" என்றேன். நற்கருணை வாங்கின நாக்கு, அதாலேயே பொய்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

என்ன செய்தனான்? ஐயோ, நான் என்ன செய்தனான்?

ஒழுங்காச் சொல்லுறன். யூமிக்கு வேலை, ஆனபடியால் படம் பிடிக்கிற இடத்துக்குத் துணைக்கு நான் போனன். கழுத்தில ஒரு மட்டை கொழுவி, கதிரை தந்து, கோப்பியும் தந்தாங்கள். எல்லாரும் மரியாதை. பொய்யா ஒரு வீடு, பொய்யா ஒரு வாசல். மினேகாவா நரைச்ச சுவெட்டரோட நிக்கிறார். அவ்வளவு வடிவு.

மகன் வந்து நிண்டான். கதவு திறந்தார். நிண்டார்.

நிண்டார், நிண்டார், வாய் திறக்கேல்லை. முகத்தில ஒரு அசைவும் இல்லை. மறந்திட்டார், போச்சு, எல்லாம் போச்சு.

கூத்தில ஒருத்தன் நிண்டு முழிச்சால் பின்னால நிக்கிறவன் அடி எடுத்துக் குடுப்பான். சனமும் அதைக் குறையாக எடாது. பாட்டு அறுந்து நிக்கிறதுதான் மானக்கேடு. அந்தப் பழக்கம் என்ர தொண்டைக்குள்ள இருந்திருக்கு.

"ஒகாஎரி!" எண்டு கத்திப்போட்டன். நாலு வளவுக்குக் கேக்கிற குரல்.

சத்தம் பிடிக்கிற பெட்டை காதில பூட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சாள். ஆரோ சிரிச்சான். எல்லா முகமும் என்னில. மினேகாவாவும் பாத்தார்.

டிரெக்டர் எண்டது ஒரு சின்னப் பொம்பிளை. கோவிக்கேல்லை. பக்கத்தில குந்தி, "அவருக்கு வசனம் எடுத்துக் குடுக்க ஆள் வேணுமோ?" எண்டு மெதுவாக் கேட்டாள். நான் பெருமையா, "யெஸ், யெஸ், ஐ ஹெல்ப், எவ்ரிடே" எண்டன்.

பெருமையா!

அதுக்குப் பிறகு நாலு தரம் எடுத்தும் அவருக்கு வரேல்லை. எங்கட மாடியில லிப்ட் திறக்கேக்க ஒண்டே ஒண்டுதான் சொன்னார்.

"மறக்கேல்லை."

மறக்கிறவையும் அப்பிடித்தானே சொல்லுவினம்?

ஒக்டோபர் 9, புதன்

அவர் தடக்கிறது ஏழாவதில். நேற்று நான் கத்தினது முதலாவதுக்கு.

ஒக்டோபர் 16, புதன்

யூமி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள். கதையை மாற்றிவிட்டார்களாம். தகப்பன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார், மகன் வருகிறான், தகப்பன் சாகிறார். வசனம் இல்லை. பதினொன்றும் இல்லை.

"அவரின்ர பெருமை குறையாமல் செய்யினமாம்" என்று இங்கிலீசில் சொன்னாள். பிறகு, "அங்கிள், நீங்கள் எனக்குப் பொய் சொன்னீங்கள்."

ஓம் என்றேன்.

ஒக்டோபர் 24, வியாழன்

ஆஸ்பத்திரிக் காட்சி ஒரே தரத்தில் முடிந்ததாம். நல்லாகச் செத்தாராம். யேசுரட்ணம் சொன்னான், அவனுக்கு யூமி சொன்னதாம். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, மாதாவே என்றும் கூப்பிடவில்லை.

நவம்பர் 2, சனி

இறந்தோர் திருநாள். என் மனிசிக்கு ஒரு மெழுகுதிரி, தாய் தகப்பனுக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உயிரோடு உள்ளவருக்குக் கொளுத்தலாமோ? திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 26, வியாழன்

நத்தாருக்குக் கிளடிஸ் மீன் கட்லெட் பொரித்தாள். ஒரு தட்டில் வைத்து மூடி அவர் வாசலில் வைத்தேன். தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே ரிவி சத்தம் கேட்டது.

பின்னேரம் கழுவித் துடைத்த தட்டு என் வாசலில் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களும் வெறும் பாத்திரம் திருப்ப மாட்டார்கள், ஜப்பான்காரரும் மாட்டார்கள். ஆறு வருசமாக ஒரு தோடம்பழமாவது உருண்டு வரும்.

2025 பெப்ரவரி 3, திங்கள்

முழங்கால் அளவு பனி. லிப்டில் அவரும் நானும் மட்டும். அவர் மாடி இலக்கத்தைப் பார்த்தார், நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

மார்ச் 6, வியாழன்

நாடகம் போனது. கிளடிஸ் வீட்டில் பெரிய ரிவியில் பார்த்தேன்.

மகன் ஓடி வந்து கட்டிலருகே நிற்கிறான். மினேகாவா அவனைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே கிடக்கிறார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அன்றைக்கு அந்தப் பொய் வாசலில் பார்த்த அதே முகம்.

நான் மூச்சை எண்ணினேன். அன்றைக்கு எத்தனையாவது மூச்சில் கத்தினேன் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாவது. இந்த அஞ்சு மாதமாக அதைத்தானே எண்ணிக்கொண்டு படுக்கிறேன்.

ஐந்து போனது. ஆறு. ஏழு.

ஏழாவதில் வாய் அசைந்தது. பாட்டுப் போட்டிருந்தார்கள், குரல் இல்லை.

"பாவம், கிழவர் ஏதோ முணுமுணுக்கிறார்" என்றாள் கிளடிஸ்.

முணுமுணுக்கேல்லையடி. ஒ. கா. எ. ரி. முழுசாச் சொன்னவர். ஒரு மூச்சு விட்டு, பிந்திப்போச்சு எண்ட மற்றதையும் சொன்னவர், கடைசி 'நே' வரைக்கும். சொல்லி முடிச்சுத்தான் கண்ணை மூடினவர். அவ்வளவு சனம் நிண்டு படம் பிடிச்சும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

முப்பது வருசம் காணாத பிள்ளையைக் கண்டால் உடனே வாய் வருமோ? அவர் அண்டைக்கு வாசலில நிண்டது அதுக்குத்தான். நான் தான் பொறுக்கேல்லை. இன்னும் ரெண்டே ரெண்டு மூச்சு.

"என்னப்பா, ஏன் அழுறீங்கள்?"

"மறக்கேல்லை" எண்டன். அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் முகம் வழித்து, பூசைக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். சொல்வதற்கு என்று இங்கிலீசில் நாலு சொல் கட்டிக்கொண்டு போனேன்.

கதவு திறந்தது. மெலிந்திருந்தார். உள்ளே அடுப்பில் இப்போது ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது, யூமியின் வேலையாக இருக்கும். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

என்னை ஆரென்று தெரிகிறதோ இல்லையோ. வாய் உன்னிக்கொண்டு வந்தது. பெயரைச் சொல்லுவமோ, மன்னிப்பென்று சொல்லுவமோ.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை எண்ணவும் இல்லை. நடைபாதையில் யாரோ பையை இழுத்துக்கொண்டு போனார்கள். லிப்ட் வந்து நின்று, திரும்பக் கீழே போனது.

"ஒகாஎரி" என்றார் மினேகாவா. பிறகு ஒரு மூச்சு விட்டு, "ஒசோகத்தா நே."

கதவை விட்டு விலகி எனக்கு வழி விட்டார்.