மூன்று சென்றி

மகளின் கைக்கடிகாரம் இன்று பின்னேரமும் அதிர்ந்தது. எழும்பி நட என்று சொல்லுகிற கடிகாரமாம். பதினைந்து வயதுப் பிள்ளை, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைத் தட்டி அணைத்தாள். மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. போனைக் குறைத்து நடக்கச் சொல்லி டொக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். கேட்டால்தானே! எனக்கு உன்னுடைய கால்கள்தான் ஞாபகம் வந்தன, சிநேகிதி.

நமக்கும் அப்போது பதினைந்து, சண்டைக் காலம். சாம்பல்தீவில் நமது ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் ஒரே ரீவி, அதுவும் கார் பற்றரி இறங்கும்வரைதான். மற்ற நேரமெல்லாம் நீ சைக்கிளில். தண்ணிக்கும் நீதான், விறகுக்கும் நீதான். தொய்வுக்காரியான நான் கரியரில் குந்தியிருந்து வாயோயாமல் கதைப்பேன். "நீ கதை, நான் மிதிக்கிறன்" என்பாய்.

ஒருநாள் ரியூசனில் எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருந்து இல்லை, பஸ்ஸும் ஓடவில்லை. என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தாய். வழியில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது சட்டம். எனக்கோ நிற்கவே ஏலாது.

"சைக்கிள்ல ஒருத்தரும் இருக்க ஏலாது" என்றான் தோளில் துவக்கு மாட்டியிருந்த ஆமிக்காரன்.

நீ வாதாடவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு என்னை முதுகில் தூக்கினாய்.

"இப்ப சைக்கிள்ல ஒருத்தரும் இல்லை."

அவன் விலகினான். என்னை அந்தப் பக்கம் ஒரு பூவரசின் கீழ் இருத்திவிட்டு, திரும்பிப் போய்ச் சைக்கிளை உருட்டி வந்தாய். மூன்று சென்றியிலும் அப்படித்தான். நீயோ என்னைவிட மெலிந்தவள். நிவாரண மாவில் சுட்ட ரொட்டியைத் தின்ற உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததடி? இன்றைக்கும் மலைத்துப்போகிறேன்.

எனக்கு மூச்சு திரும்பிக் கண் திறந்தபோது, கட்டிலடியில் கால் நீட்டி இருந்தாய். "கொஞ்சம் மெலியடி" என்றாய். அவ்வளவுதான்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அவவைப் பார்க்கப் போவோமா என்றாள். நீ போய் ஒரு மாதம் என்று சொல்லவேண்டியதாயிற்று. மிச்சத்தை அவளுக்குச் சொல்லவில்லை.

செத்தவீட்டில் உன்னைத் தூக்கும் நேரம், பெண்கள் படலை வாசலோடு நிற்கவேண்டும் என்றார்கள். ஒரு தரமாவது உனக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. ஆனாலும் ஓம் என்று தலையாட்டி நின்றுவிட்டேன். துவக்கோடு நின்றவனுக்கு நீ பதில் சொன்னாய். எனக்கு முன்னால் ஒருவரிடமும் துவக்கு இருக்கவில்லை.