பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்

கிள்ளான்
புதன்கிழமை

அன்பு மகள் குமுதாவுக்கு,

உன் அப்பா பரமேஸ்வரன் தன் கையாலேயே எழுதுவது. நம்ப மாட்டாய். சந்திரகலா டீச்சர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதவில்லை, எல்லாம் என் எழுத்துதான். எழுபத்து மூன்று வயதில் கோயில் மண்டபத்து வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. 'ற' வரும் இடத்தில் எல்லாம் நின்று யோசிக்கிறேன். தபாலில் போட்டால் ஐரோப்பாக்காரர்களோடு உன் வணிகப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான் வந்து சேருமாம். அதனால் டீச்சர் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்.

முட்டி வலியைத் தவிர எனக்குக் குறை இல்லை. உன் காரைப் பக்கத்து வீட்டு லோகன் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைக்கிறான். பிரஸ்ஸல்ஸில் குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

நீ கிளம்புவதற்கு முன் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடத்திய ஒத்திகையை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். "நீங்கதான்ப்பா ஐரோப்பாக்காரர். நான் என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்லணும்" என்றாய். செம்பனை எண்ணெய்க்கு வரியைக் குறைக்கச் சொன்னாய். நான் உடனே "சரிம்மா" என்றேன். "ஐரோப்பாவை ஒரே நிமிஷத்துல தூக்கிக் கொடுத்துட்டீங்களேப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். காப்பார் தோட்டத்தில் முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவன் நான். நான் வெட்டிய குலைக்காக என் மகள் கடல் தாண்டிப் போய் வாதாடப் போகிறாள் என்று நினைத்தால் எப்படியம்மா 'முடியாது' வரும்?

அன்று நீ இன்னொன்றும் சொன்னாய். ஒப்பந்தத்தில், வெளிநாட்டுத் தொழிலாளியின் பாஸ்போர்ட் அவரிடமே இருப்பதை நாடு 'உறுதி செய்யும்' என்று எழுதுவதா, 'உறுதி செய்ய முயலும்' என்று எழுதுவதா என்று உங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு நாள் சண்டை என்றாய். படித்தவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது தப்பு. எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பின் வரிசை வீட்டில் அழகிரி என்று ஒரு பையன் வாடகைக்கு இருக்கிறான். அறந்தாங்கிப் பக்கம். காப்பாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. ஊரில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு இருக்கிறது, டிக்கெட்டுக்குப் பணமும் இருக்கிறது. பாஸ்போர்ட் மட்டும் மேனேஜரின் அலமாரியில். எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்லா" என்கிறாராம். அவர் நம் தமிழர்தான், அதுதான் எனக்கு வருத்தம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லலாம், பேச்சுவார்த்தைக்குப் போகும் அதிகாரிகளுக்கு அது உதவும் என்று டீச்சர் ஒரு தாளைக் காட்டினார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், போன ஞாயிற்றுக்கிழமை. அழகிரி பயந்தான். "வேணாம் அங்கிள், பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா?" என்றான். நான் கூட வருகிறேன் என்று கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இறங்கி நடந்தபோது பூக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று ஒரு பலகை விடாமல் சத்தமாகப் படித்தேன். இத்தனை வருடம் அந்த வீதியில் நடந்திருக்கிறேன், அன்றுதான் அது என்னோடு பேசியது.

மண்டபத்தில் உன் இலாகாக்காரர்கள் விடுமுறை நாளிலும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் தேநீர், நாற்காலி. குறை சொல்ல வந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கும் அரசாங்கத்தை நான் என் காலத்தில் பார்த்ததில்லை. உன் பெயரை நான் சொல்லவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் காரியம் சாதித்தான் என்று வரக்கூடாது.

நிரப்ப வேண்டிய பாரம் தமிழிலேயே இருந்தது. தன் கையெழுத்தை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அழகிரிக்குப் பயம். "நீங்களே எழுதுங்க அங்கிள்" என்றான். பத்தாவது படித்தவன் என்னிடம் பேனாவைக் கொடுக்கிறான்! 'பாஸ்போர்ட்டைக் கேட்டபோது முதலாளி என்ன பதில் கூறினார்?' என்று ஒரு கேள்வி. யோசித்து, 'பார்க்கலாம் என்றார்' என்று எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

முகுந்தன் என்ற இளைஞர் அதை மலாய் அதிகாரி அம்மாவுக்கு மொழிபெயர்த்தார். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்தவர், வீட்டில் பேசும் தமிழ்தான் தெரியும். அவர் "போலே தெங்கோக்", அதாவது பார்க்க முடியும் என்றார். அந்த அம்மா முகம் மலர்ந்து, பாஸ்போர்ட்டைப் பார்க்க அனுமதி உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்! அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அழகிரி எழுந்துவிட்டான். நான் எழவில்லை. "தம்பி, அது போலே தெங்கோக் இல்ல! தெங்கோக்லா டுலு!" என்று கத்திவிட்டேன். மண்டபமே சிரித்தது. 'அப்புறம் பார்ப்போம்' என்று மலாய்க்காரர்களும் தட்டிக்கழிக்கச் சொல்லும் அதே வார்த்தை அல்லவா? அதிகாரி அம்மாவும் சிரித்தார், பிறகு அவர் முகம் மாறியது. "எத்தனை மாசமா தெங்கோக்லா டுலு?" என்று முகுந்தன் மூலமாகக் கேட்டார். ஏழு மாதம் என்றோம். டிக்கை அடித்துவிட்டு, தன் கைப்பட நாலு வரி எழுதினார். பெயர் வெளியே போகாது, தொழிலாளர் இலாகாவிலிருந்து அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று அழகிரியைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "நீதான் சொல்லணும்" என்று அவனுக்கே விட்டுவிட்டேன். அவனே தலையாட்டினான்.

முகுந்தன் மட்டும் வாசல் வரை வந்து, "சாரி அங்கிள்" என்றார். "நீ என்ன செய்வ தம்பி, தமிழே அப்படித்தான்" என்றேன்.

குமுதா, அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வயதில் நீ பல்கலைக்கழகப் பாரத்தைக் கொண்டு வந்து நீட்டினாய். மூன்று நாள் 'பார்க்கலாம்' என்றேன். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று நான் யோசித்ததாக நீ நினைத்திருப்பாய். இல்லையம்மா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். நீ விடாமல் நாலாவது நாளும் கேட்டாய், நான் கைநாட்டு வைத்தேன். நாலாவது நாள் நீ கேட்காமல் போயிருந்தால்?

அங்கேயும் அப்படியே விடாமல் கேள். அவர்களிடமும் கேள், நம்மவர்களிடமும் கேள். திங்கட்கிழமை நீ அந்த மேசையில் உட்காரும்போது, 'முயலும்' என்றால் 'பார்க்கலாம்' என்றுதான் அர்த்தம் என்பதை நினைவில் வை. வரும் செவ்வாய்க்கிழமை அழகிரிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அவனோடு தொழிற்சாலை வாசலில் நிற்பேன்.

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும். கீழே இருப்பது கைநாட்டு இல்லை, கையெழுத்து. நன்றாகப் பார்.

ஒன்று மட்டும். தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்று பதில் எழுதாதே. வருவேன் என்று எழுது. அதை நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
மு. பரமேஸ்வரன்