கசக்கிய தாளில் ஒரு மலைத்தொடர்

மார்ச் 4
அண்ணியின் மாயாஜால நாவலைப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: அந்தக் கற்பனை நாட்டுக்குக் கையால் வரைந்த மாதிரி ஒரு வரைபடம் வேண்டும். பேசி வைத்திருந்த ஓவியர் கையை விரித்துவிட்டாராம்.

"நான் போட்டுத் தரேன் அண்ணி."

"உனக்கு நேரா ஒரு கோடு போட வராதே!"

"கடற்கரைக்கு எதுக்கு நேர்கோடு?"

சிரித்துவிட்டார். சோப்பு உறை வடிவமைக்கிறவள் நான். படம் வரையத்தான் வராது. கம்ப்யூட்டரில் படத்தை மாற்றுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு.

மார்ச் 6
கம்ப்யூட்டரில், படத்தை மேகம் மாதிரி நிரப்புகிற மேக ஃபில்டரைப் போட்டேன். திரை முழுக்கப் புகை. சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு வெள்ளை நிலம், கருப்புக் கடல் என்று பிரித்ததும் யாரும் வரையாத ஒரு கரை கிடைத்தது! ஓரத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன். பேனா நடுங்கின மாதிரியே இருக்கிறது. என் கண்ணே பட்டுவிடும்.

மார்ச் 7
மலையும் முடிந்தது. ஒன்று செய்தேன், மற்றதெல்லாம் நகல். கெட்டிக்காரி.

மார்ச் 10
பதிப்பாசிரியரம்மா பார்த்தாங்க. "கரை பிரமாதம். மலைதான் சோப்புக் கட்டி அடுக்கின மாதிரி இருக்கு." சோப்பாமே! வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா புத்தகம் அடுத்த வருஷம்தானாம். அண்ணி எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாங்க — அதுதான் தாங்கல. இத்தனை வருஷம் சமையலறையில நின்னுக்கிட்டே எழுதினாங்க. என்னாலயா தள்ளிப்போகணும்? அச்செடுத்த தாளைக் கசக்கி எறிஞ்சேன்.

எனக்கு வராதா? ஏன் வராது?

மார்ச் 11
காலையில் அந்தத் தாள் மேஜைக்கடியில் கிடந்தது. ஜன்னல் வெயில் சாய்வாக விழ, ஒவ்வொரு மடிப்பும் ஒரு முகடு! ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். படம் எடுத்து அதே மாதிரி கருப்பு வெள்ளையாகப் பிரித்தேன். நிழல் மட்டும் மைக்கோடாக நின்றது. ஒரு மலை மாதிரி இன்னொன்று இல்லை.

தாள் போதவில்லை. அண்ணி ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார்.

"கதாநாயகி செத்துப்போற அத்தியாயம். வேண்டாம்னு எடுத்துட்டேன். கசக்கு."

"பாவம் அண்ணி."

"அழ வைக்காம மலையைப் பாரு."

இரண்டு பேரும் உட்கார்ந்து கசக்கினோம். வடக்கு எல்லை முழுக்க, கதாநாயகி சாகாமல் பிழைத்ததால் எழுந்த மலைகள்.

மார்ச் 14
பதிப்பாசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கையால வரைஞ்சதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லைங்க, ஃபில்டரும் கசக்கின தாளும். எதை வைக்கணும், எதை அழிக்கணும்னு பார்த்தது நான்."

பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். "வரைபடம்னு போட்டு உங்க பேரைப் போடணும். எப்படி எழுதுவீங்க?"

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக.

ஜூலை 2
புத்தகம் வந்தாயிற்று; அண்ணி அடுத்த நாவல் எழுதப்போகிறாராம்.

"என்ன கதை?"

"யாருக்குத் தெரியும்? முதல்ல நீ நாட்டைப் போடு. அங்க யார் இருக்காங்கன்னு நான் போய்ப் பார்க்கிறேன்."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கடல் எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.