முதலில் அழைத்தது உன்னைத்தான்

இன்று காலை கம்பிச் சுருள் கட்டும் அறைக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. யாரோ போத்தலைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாள்தோறும் நுகர்கிற வாடைதான். மேசையையும் இடுக்கிகளையும் அதை நனைத்த துணியால்தான் துடைப்பார்கள். ஆனால் இன்றைக்கு அது என்னைப் பெரியாஸ்பத்திரி வார்டில், உன் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மூடியைத் திருகி மூடிவிட்டு, எதைப் பார்க்க வந்தேன் என்பதையே மறந்து கொஞ்ச நேரம் நின்றேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்பிள்ளைகள், நான் ஏதோ பிழை பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையை இன்னும் குனிந்துகொண்டார்கள்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கேட்க முடியாத இடத்துக்கு நீ போன பிறகுதான் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவந்தது. வேறு யாரிடம் கேட்டாலும் பதிலுக்கு இன்னொரு கேள்விதான் கிடைக்கிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கையுறைக் கம்பனியில் தரம் பார்க்கும் பிரிவில் நாம் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். நீ திகனையிலிருந்து வருவாய். பல்லேகலை உனக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். நானோ கலஹாவில் பஸ் ஏறி, பேராதனை, கண்டி என்று மாறி மாறி வர வேண்டும். நான் பிந்தும் நாட்களில் என் மேசை விளக்கையும் நீயே போட்டுவைத்திருப்பாய். தையல் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினால் போதும், எங்கே நூல் தப்பியிருக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும்.

வெளிநாட்டு ஓடர்கள் குறைந்து நம் பிரிவையே மூடினார்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா? அப்பாவுக்குக் கால் விழுந்துபோய், அம்மா மட்டும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ உன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வா, பஸ்ஸு போயிரும்" என்றாய், எதுவும் நடக்காதது போல.

அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தது நீதான். பல்லேகலையிலேயே புதிதாக ஒரு கம்பனி. விமானங்களுக்குள் பொருத்துகிற சிறு கருவிகளுக்காகச் செம்புக் கம்பிச் சுருள்கள் செய்கிறார்கள். தர ஓடிட்டர் ஒருவர் வேண்டும். நீ போனில் வாசித்துக் காட்டினாய்.

"ஓடிட்டர்னா கணக்குப் பாக்கிறவங்கதானே? அது நமக்கு எதுக்கு?" என்றேன்.

"இது அந்த ஓடிட்டர் இல்ல புள்ள. சாமான் நல்லமா கெட்டதாண்டு பாக்குறது வேற ஆளு. அவங்க ஒழுங்காப் பாக்குறாங்களாண்டு பாக்குறதுதான் இவங்க வேல."

"நான் பிளேன்ல ஏறினதே இல்ல."

"பிளேன் ஓட்டவா கூப்புடுறாங்க?"

இரண்டு விண்ணப்பங்களையும் நீயே அனுப்பினாய். அப்புறம் ஒவ்வொரு மாலையும் போன் எடுத்து, அந்த வேலையைப் பற்றி எங்கோ தேடி வாசித்ததையெல்லாம் எனக்குச் சொன்னாய். எனக்குப் பாதி விளங்கவில்லை. உனக்கு எல்லாமே பிடிபட்டுப்போயிருந்தது. இதை நான் நன்றாகப் பார்த்தேன், கேட்டேன். அதனால்தான் பின்னால் நடந்தது எதுவும் எனக்குப் பொருந்திவர மறுக்கிறது.

நேர்முகப் பரீட்சைக்கு இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். முதலில் போனது நான். முகாமையாளர் மெதுவாகப் பேசுகிற ஒரு சிங்கள மனிதர். கொஞ்ச நேரம் பழைய வேலையைப் பற்றி விசாரித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "ஒரு பெட்டி இன்றைக்கே அனுப்பப்பட வேண்டும். சாமானில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஓரிடத்தில், சோதித்துப் பார்த்தவருடைய கையெழுத்து இல்லை. அனுப்பச் சொல்லி மேற்பார்வையாளர் நிற்கிறார். என்ன செய்வீர்கள்?"

"நிறுத்துவேன்" என்றேன்.

"ஏன்?"

"பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாதே."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார். வெளியே வந்து உன் கையைப் பிடித்து, "போச்சு" என்றேன். பிறகு நீ போனாய். என்னைவிட அதிக நேரம் உள்ளே இருந்தாய். நடுவில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் நீ திகனைப் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் என்னோடு கண்டி பஸ்ஸில் ஏறினாய். வாவிக்கரை மதிலில் உட்கார்ந்து கடலை தின்றோம். என்ன கேட்டார்கள் என்றேன்.

"ஒண்டும் வெளங்கல்ல எனக்கு. சிரிச்சுப்போட்டு வந்துட்டேன்" என்றாய். கடலைத் தோலை ஊதிவிட்டு, "கையுறை பிஞ்சா கை நோகும். பிளேன்ல ஒண்டு பிஞ்சா? அந்தப் பயத்தோட என்னால இரிக்க ஏலா" என்றாய்.

சிரிப்புச் சத்தத்தை நானே கேட்டிருந்தேன். அதனால் நம்பினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் எனக்கு அழைப்பு வந்தது. உனக்குச் சொன்னபோது, போனைக் காதிலிருந்து தூரப் பிடிக்கும் அளவுக்குக் கத்தினாய். மூடிய சப்பாத்து போட்டுத்தான் வர வேண்டும் என்று கம்பனியில் சொல்லியிருந்தார்கள். கண்டியில் கடை கடையாக ஏறி, கடைசியில் நீ தேர்ந்தெடுத்துத் தந்த சோடியைத்தான் வாங்கினேன். கடைக்காரர் முன்னால் என்னை நடந்து காட்டச் சொல்லி, "ஓடிட்டர் மிஸ், கொஞ்சம் நிமிந்து நடங்க" என்றாய்.

அதன் பிறகு சில மாதங்களில்தான் வயிற்றில் கட்டி என்றார்கள்.

வேலை முடிந்து வார்டுக்கு வரும்போதெல்லாம் நீ உன் நோயைப் பற்றிப் பேச விடமாட்டாய். நான் உட்காரும் முன்பே, "இன்டைக்கு என்னத்தப் புடிச்ச?" என்று கேட்பாய். அந்த அடுப்புக் கதையை உனக்குச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. சுருள்களைப் பதப்படுத்துகிற சின்ன அடுப்பில் வெப்பமானி ஒன்று இருக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். அந்தத் தவணை தாண்டியிருந்ததைக் கண்டு, அதில் பதப்படுத்திய சுருள்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தேன். மேற்பார்வையாளர் என் பின்னாலேயே வந்தார். "மிஸ், சுருள் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஏன் வம்பு?" என்றார். நான் விடவில்லை. எல்லாவற்றையும் மறுபடி சோதித்தார்கள். ஒன்றில்கூடக் குறை இல்லை. வெப்பமானியும் சரியாகவே காட்டியது. சாமான் அனுப்பப் பிந்தியது. எல்லோரும் என்மேல் கோபமாக இருந்தார்கள். முகாமையாளர் மட்டும், "நீங்கள் செய்தது சரி" என்றார்.

"சாமானும் நல்லம், நான் அத நிறுத்தினதும் சரியாம். ரெண்டும் எப்படிடி சரியா இருக்கும்?" என்று உன்னிடம் கேட்டேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாய். "நீ கண்டத எழுது. நெனச்சத எழுதாத. அவ்வளவுதான் வேல" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மா நம் இருவரையும் முறைத்தார்.

நீ போன அன்று வேலையிலிருந்து அப்படியே வந்தேன். உன் வீட்டு முன்னறையில் பெண்களோடு நின்றேன். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் போக, நாங்கள் கதவோடு நின்றுவிட்டோம். உன் உம்மாவிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

பிறகு, எங்கள் சுருள்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஓடிட் செய்ய ஆட்கள் வந்தார்கள். பெரிதாகக் குறை சொல்லாமல் போனார்கள். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது முகாமையாளர் நல்ல மனநிலையில் இருந்தார். "உங்களுக்கு ஒன்று தெரியுமா? நாங்கள் முதலில் அழைத்தது உங்களை அல்ல" என்றார். "உங்களோடு வந்த அந்தத் திகனைப் பெண்ணை. அவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னாள், எங்களைச் சிரிக்கவும் வைத்தாள். போன் எடுத்தபோது, தாய்க்குச் சுகமில்லை, வர முடியாது என்றாள். என்னோடு வந்தவள் இருக்கிறாளே, அவளைக் கேளுங்கள் என்றாள்."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். உன் உம்மா அந்த நாட்களில் நல்ல சுகமாக இருந்தார். எனக்கு வேலை கிடைத்த வாரம் வட்டிலப்பம் செய்து உன்னிடம் கொடுத்தனுப்பினாரே.

அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. என் வீட்டு நிலையை எண்ணி எனக்காக விட்டாயா? அப்படியானால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? சில நாட்களில் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. இல்லை, வாவிக்கரையில் சொன்ன அந்தப் பயம்தான் உண்மையா? பயந்தவள் ஏன் வார்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டாய்? உடம்பில் ஏதோ சரியில்லை என்று உனக்கு முன்பே தெரிந்திருந்ததா? ஒன்றை நம்பத் தொடங்கினால் மற்றது வந்து இடிக்கிறது.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மாவைப் பார்க்கப் போனேன். "வாங்க மக" என்று கையைப் பிடித்து இருத்தினார். உன்னைப் பற்றிப் பேசினோம். பேச்சோடு பேச்சாக உம்மா சொன்னார்:

"அந்தப் பிளேன் கம்பனி வேல கிடைச்சிருந்தா என்ட புள்ளட மனசு நல்லா இருந்திருக்கும். கொழும்பால ஒரு ஆம்பிளையப் போட்டுட்டாங்களாம். அறையப் பூட்டிக்கிட்டு அழுதா. சோறும் தின்னல்ல. அந்த ஆள நான் எவ்வளவு ஏசியிருப்பேன்."

நான் வேலை செய்வது எங்கே என்று நீ வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை.

"கொழும்பு ஆள் யாரும் இல்லீங்க உம்மா" என்றேன். "அந்த வேலையில இருக்கிறது நான்தான். முதல்ல அவளைத்தான் கூப்பிட்டிருக்காங்க. அவதான் வேணான்னு சொல்லிட்டு, எனக்குக் குடுக்கச் சொல்லியிருக்கா."

உம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"அவளே வேணாண்டு சொல்லியிருந்தா, அப்ப ஏன் அழுதா?"

"எனக்கு வெளங்கல உம்மா."

"எனக்கும் வெளங்கல்ல" என்றார். பிறகு, "அந்த வேலைக்குப் போனது நீங்கண்டா பரவாயில்ல. அந்த ஆள ஏசினதுதான் வீணாப் போச்சு" என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

நான் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைக் குடையை எடுத்து வந்தார். "அவட குடை. கொண்டு போங்க. பொறகு திருப்பிக் கொண்டாந்து தாங்க" என்றார்.

அடுத்த முறை போனபோது கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் கதவோரம் சாய்த்து வைத்தார். நான் கிளம்பும் நேரம் வானத்தை எட்டிப் பார்த்தார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "மழ வரும் போல இரிக்கி" என்று குடையை மறுபடி என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகும் அப்படித்தான் நடக்கிறது. இப்போது அதைத்தான் நாள்தோறும் வேலைக்குக் கொண்டுபோகிறேன். ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருக்கிறது. நான் இன்னும் அதை நிமிர்த்தவில்லை.