வேறு கம்ப்யூட்டரில் திறந்த பக்கங்கள்

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? பிரிந்திருந்தாலும் நர்ஸ் புத்தி போகாது.

பென்டிரைவ் வந்தது. வார்டு அனுபவங்களாக நான் எழுதிய நாற்பத்து மூன்று கட்டுரைகளையும், அந்த இணையதளத்தை நடத்தியவர்கள் மூடுவதற்கு முன் பக்கம் பக்கமாகச் சேமித்தீர்களே, அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. 'எந்த ஆப்பில் திறக்க?' என்று என்னையே திருப்பிக் கேட்கிறது. பதிப்பகத்தார் புத்தகமாகப் போட மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள். என்னிடம் வேறு பிரதி இல்லை. மாற்றி அனுப்புங்களேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

மாத்திரை போடுகிறேன், நினைவுபடுத்தத்தான் ஆளில்லை.

அந்தக் கோப்புகள் என் கம்ப்யூட்டரின் பிரவுசருக்கு மட்டுமே புரியும். எழுத்து, படம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். வேறு கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு அவிழ்க்கத் தெரியாது. ஒரு வாரம் இங்கே வந்து, உட்கார்ந்து எடுத்துக்கொள்ளேன். "நீ எழுதலேன்னா குடியா முழுகிடும்"னு நான் கேட்டது தப்புதான். அதற்கு ஆறு மாதக் கோபமா?

உன்னவன்

மார்ச் 15

என்னங்க,

மூட்டை அவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் அம்மா, ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கால் மணி நேரத்தில் பிரித்துக் கொடுத்தார். சேமித்த அன்று உங்கள் திரையில் தெரிந்தபடியே பக்கங்கள் வந்தன, வாசகர் கருத்துகளோடு.

நடுநிலைவாதி என்ற பெயரில் ஒருவன் இரண்டு வருடம் என்னைக் குதறினானே, 'நோயாளியை விற்றுப் பிழைப்பவள்' என்று எழுதி என் எழுத்தையே நிறுத்தினானே, அவன் கருத்துகளுக்குக் கீழே மட்டும் 'திருத்து', 'நீக்கு' என்று இருக்கிறது. எழுதிய ஆளின் திரையில் மட்டும்தான் அவை தெரியும். பக்கத்தின் உச்சியில் 'வணக்கம், நடுநிலைவாதி' என்றும் இருக்கிறது.

நான் அழுதபோது, "நாய் குரைக்குதுன்னு நாமளும் குரைக்க முடியுமா, விடும்மா"ன்னு தலையைத் தடவியது நீங்கள்தானே? அது நானில்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 18

வாயாடி,

பொய் சொல்லக் கை வரவில்லை. ஊரெல்லாம் உன்னைப் படித்தது. வீட்டில் "சாப்டீங்களா" என்பதோடு உன் பேச்சு முடிந்தது. முதலில் விளையாட்டாகத்தான் சீண்டினேன். அதற்கு நாலு பத்தி பதில் போட்டாய். என்னிடம் நீ அவ்வளவு பேசி வருடக்கணக்காகியிருந்தது. அந்தப் பதிலுக்காகவே மறுபடி மறுபடி எழுதினேன், எழுத எழுத விஷமாகிவிட்டது.

அங்கே திறக்காது என்று தெரிந்துதான் அனுப்பினேன். அந்தச் சாக்கில் நீ வருவாய் என்று நினைத்தேன். என் பெயர் அதில் நிற்கும் என்று தோன்றவே இல்லை. வந்து திட்டிவிட்டாவது போ.

உன்னவன்

மார்ச் 29

மதிப்பிற்குரியவருக்கு,

கட்டுரைகள் பதிப்பகத்துக்குப் போய்விட்டன. நீங்கள் சேமித்திருக்காவிட்டால் புத்தகமே இல்லை, அதை மறுக்க மாட்டேன்.

நடுநிலைவாதிக்கு நான் எழுதிய பதில்களை எல்லாம் மறுபடி படித்தேன். அத்தனை வசவுக்கும் ஒரு இடத்தில்கூட மரியாதை குறையவில்லை, முன்பின் தெரியாத ஆள் என்று. அந்த மரியாதை இப்போதும் மிச்சமிருக்கிறது. இனி உங்களுக்கு அது மட்டும்தான் தர முடியும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். எந்த நோயாளிக்கும் இதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
கட்டுரைகளை எழுதியவள்