பூமிகா தொட்டால் நிற்கும் படகு

ஜூலை 14, திங்கள்
படகு ஓடிவிட்டது! பழைய நோட்டு அட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படகு, அதன் பின்பக்கத்தில் துளிக் கற்பூரம், கீழே ஒரு தட்டுத் தண்ணீர். அவ்வளவுதான். யாரும் ஊதவில்லை, தள்ளவில்லை. தானாகவே சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் வகுப்பு முழுக்க பெஞ்சின் மேல் ஏறிக் கத்தியது. நானும்தான். பக்கத்து வகுப்பு ஆரோக்கியமேரி டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னா திலகவதி, ஸ்கூலா சந்தையா?" என்றார். நாளைக்கு ஆளுக்கொரு படகு.

ஜூலை 15, செவ்வாய்
பூமிகா தொடும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அவள் படகை எடுத்துத் திருப்பி வைத்தாள் – நின்றுவிட்டது. வேறு தட்டு கொடுத்தேன். அதிலும் அப்படியே. "அவ கை ராசியில்லாத கை டீச்சர். என் தட்டத் தொட வோணாம்னு சொல்லுங்க!" என்றான் அன்புசெல்வன். ஆளாளுக்குத் தட்டை இழுத்துக்கொண்டார்கள். திட்டினேன். திட்டி என்ன பயன்? ஏன் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லையே!

ஜூலை 16, புதன்
பூமிகா வரவில்லை.

ஜூலை 17, வியாழன்
இன்றும் இல்லை. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கே போனேன். அம்மா தமிழ்செல்விக்குத் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் மகள் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னான்னே தெரில டீச்சர். கையப் பாத்துப் பாத்து அழுவுது. ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ஒரே பேஜாரு."

அதே கையோடு எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். டம்ளரைப் பார்க்கிறேன் – மேலே எண்ணெய் மினுங்குகிறது.

அடி மக்குத் திலகவதி! எண்ணெய்! தண்ணீரின் மேற்பரப்பில்தானே கற்பூரத்தின் வேலையெல்லாம்? அங்கே எண்ணெய் பரவிவிட்டால் படகு எப்படி ஓடும்? பூமிகாவோ எந்நேரமும் பின்னலைத் தடவிக்கொண்டே இருப்பவள்!

சாமி மாடத்துக் கற்பூரத்தைக் கிள்ளி, அங்கேயே ஒரு தட்டில் செய்து பார்த்தோம். ஓடியது. என் தலையைத் தடவிய விரலால் தண்ணீரைத் தொட்டேன். நின்றது!

"உங்க கையுமா டீச்சர்?" என்றாள் பூமிகா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி
வந்தாள். அவளே செய்து காட்டினாள். தலையைத் தொட்டு, தண்ணீரைத் தொட்டு, "நில்லு!" என்றாள். நின்றது. அன்புசெல்வனும் முயன்று பார்த்தான். அவன் தலைதான் காய்ந்த புல்லாயிற்றே, படகு அதுபாட்டுக்கு ஓடியது. கடைசியில் கெஞ்சினான்: "பூமிகா, உன் தலைய ஒரே ஒரு தபா தொட்டுக்கட்டா?"

ஜூலை 21, திங்கள்
மூன்றாம் வகுப்பு மொத்தமும் நெற்றியில் எண்ணெய் வழிய வந்திருக்கிறது. ஒரு படகுகூட ஓடவில்லை. பூமிகாதான் தட்டுத் தட்டாகப் போய், "ராசி கைங்களா, போய் கையக் கழுவிக்கினு வாங்க!" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.